தம்பிக்கு அடுத்த மாசம் தீர்ப்பு. ஜெயில் தவிர வேற வழி இருக்கா?

கோரையாத்து அக்கா:
எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். அப்பா இல்ல. தம்பிக்கு 21 முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. போன வருஷம் குறுவை சமயத்துல கூட்டாளிங்க ரெண்டு பேரோட போய், பக்கத்து ஊர் போர்செட்டுல மோட்டார் கேபிளை அறுத்திருக்கான். வாய்க்கால் ஓரமா ரப்பரைக் கொளுத்திட்டு, செம்பைப் பழைய இரும்புக் கடையில போட்டதுல அவன் பங்கு 1,800 ரூபா. கேபிள் விலை 14,000-னு எஃப்.ஐ.ஆர்ல இருக்கு. 18 நாள் சப்-ஜெயில்ல இருந்து ஜாமீன்ல வந்தான். செஞ்சது தப்பு, நான் பூசி மெழுக வரல. வயக்காரர் வீட்டு வாசல்ல போய் நின்னேன், அவர் முகம் கொடுத்துப் பேசல.

இப்ப அறுப்பு மிஷின்ல கிளீனரா போறான். கூட்டாளிங்க சங்காத்தம் விட்டாச்சு. ஐ.டி.ஐ. முடிச்சவன், சிங்கப்பூர் போற கனவு. தண்டனை விழுந்தா பாஸ்போர்ட்டே கிடைக்காதுன்றாங்க. உண்மையா?

கும்பகோணம் வக்கீல்:
அக்கா, 1958-ஆம் வருஷத்து குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவை உங்க வக்கீலிடம் சொல்லுங்க. 21 வயசு நிரம்பாதவரைக் கோர்ட் சாதாரணமா சிறைக்கு அனுப்பக் கூடாது. நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கணும். அதையும் மீறிச் சிறைதான் என்றால் காரணத்தை எழுதி வைக்கணும். முக்கியமானது இதுதான்: குற்றம் நடந்த நாளின் வயசு கணக்கில்லை, விசாரணைக் கோர்ட் தீர்ப்பு சொல்லும் நாளின் வயசுதான். அதனால இனி ஒரு வாய்தாகூட நம்ம பக்கத்துல இருந்து கேட்காதீங்க. 21 தாண்டினாலும் 4-ஆம் பிரிவில் கேட்கலாம், ஆனால் அது நீதிபதி மனசு வைத்தால்தான்.

4-ஆம் பிரிவு என்றால் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடுறது; பிணைமுறி (ஒழுங்கா இருப்பேன் என்ற உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்து, மூணு வருஷத்துக்கு மிகாமல் ஒழுங்கா இருக்கணும். மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரலாம். ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல (பாரதிய நியாய சன்ஹிதா) சமூக சேவைத் தண்டனை இருக்கே என்று யாராவது சொல்வாங்க. திருட்டில் அது 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளுக்கு, முதல் தடவைக்கு, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும்.

பாஸ்போர்ட்: வழக்கு நடக்கும்போது கோர்ட் அனுமதி வேணும். தீர்ப்புக்கு அப்புறம் தடை என்பது, கடந்த 5 வருஷத்துக்குள் 2 வருஷமோ அதுக்கு மேலோ சிறைத் தண்டனை வாங்கினவருக்கு. 12-ஆம் பிரிவுப்படி நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. ஆனால் எந்த விண்ணப்பத்துலயும் வழக்கை மறைக்க வேண்டாம். மறைத்ததே தனிக் காரணமாகி வேலை போனவங்களை நான் பார்த்திருக்கேன்.

வெண்ணாத்து விவசாயி:
நான் கேபிளைப் பறிகொடுத்தவன், வேற கேஸ். நட்டு பன்னெண்டாம் நாள். புதுக் கேபிள் வாங்கி இழுக்க அஞ்சு நாள் ஆச்சு, மேட்டுப் பக்கம் அரை மா பயிர் கருகிப் போச்சு. பையன் ஆறு மாசம் உள்ள இருந்தான். எனக்கு ஒத்த ரூபா வரல. வெளிய வந்தவன் உள்ள சிநேகமானவங்களோட பைக் திருட்டுக்குப் போயிட்டான். அவனை உள்ள வச்சதுல யாருக்கு என்ன லாபம்னு இன்னும் யோசிக்கிறேன். உன் தம்பி பணத்தைக் கட்டட்டும்மா. வயக்காரர் வாசல்ல நீ நிக்காத, அவன் போய் நிக்கணும்.

கும்பகோணம் வக்கீல்:
ஐயா சொல்றது நியாயம். ஆனால் இப்ப தம்பி அங்க போகவே கூடாது. வயக்காரர் சாட்சி, கலைக்கப் பார்த்தான்னு ஆகி ஜாமீனே ரத்தாகலாம். அக்காவும் இனிப் போக வேண்டாம். 5-ஆம் பிரிவுல நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவு போடலாம். கட்டத் தயார்னு மனுவில் எழுதச் சொல்லுங்க.

கோரையாத்து அக்கா:
ஐயா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. நான் போனதே தப்புன்னு இப்பத்தான் தெரியுது. வாய்தா 17-ந்தேதி. மிஷின் ஓனர் சம்பளத்தோட எழுதித் தர்றேன்னுட்டார். பத்தாவது மார்க் ஷீட்டும் பிறப்புச் சான்றும் எடுத்து வச்சிருக்கேன். தம்பி மூணு மாசக் கூலியில 6,000 சேர்த்துக் கொடுத்தான், மீதிக்கு என் தோட்டை வைக்கிறேன். தீர்ப்பு வந்ததும் இங்கயே எழுதறேன்.