புது டேப் போட்டா டிரைவ்லயே நிக்குது, இன்னிக்கு ராத்திரி ஃபுல் பேக்கப் இருக்கு, உதவுங்க

தென்காசிக்காரன்
அவசரம். எங்க டேப் லைப்ரரிக்கு (பேக்கப் டேப்பை ரோபோ தானா எடுத்து டிரைவ்ல மாட்டற பெட்டி) புது டேப் வந்துச்சு. மெயில் ஸ்லாட் வழியா உள்ள விட்டேன், ரோபோ எடுத்து ஸ்லாட்ல வெச்சிருச்சு, இன்வென்டரியிலயும் காட்டுது. பேக்கப் ஜாப் ஓட்டினா டேப் டிரைவுக்குப் போய் அங்கேயே நிக்குது, கொஞ்ச நேரத்துல ஜாப் ஃபெயில். வேற டேப் போட்டாலும் இதேதான். பழைய டேப் எல்லாம் ஒழுங்கா ஓடுது.

பைட்_பாண்டி
எந்த எல்டிஓ, அதாவது டேப் எத்தனையாவது தலைமுறை? என்ன சாஃப்ட்வேர்? லினக்ஸா விண்டோஸா? லாக்கை ஒட்டுங்க.

ராக்ரூம்
பார்கோடு ஸ்டிக்கரைப் பாருங்க. எட்டு எழுத்து இருக்கணும், கடைசி ரெண்டும் டேப்போட தலைமுறை. எல்டிஓ-9 டேப்புல எல்8னு ஒட்டியிருந்தா லைப்ரரி ஸ்டிக்கரைத்தான் நம்பும். எங்க ஆபீஸ்ல பாதிப் பஞ்சாயத்து இதுதான்.

சுழல்நாடா
தம்பி, லைப்ரரியைத் தொடறதுக்கு முன்னாடி மேனுவலை ஒரு தடவை புரட்டணும். வாரா வாரம் யாராவது ‘நிக்குது’ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிடறாங்க. டிரைவ் லைட் எப்படி எரியுது? எம்டிஎக்ஸ் (ரோபோவை இயக்கற கமாண்ட்) ஸ்டேட்டஸ் என்ன சொல்லுது? இது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

மதுரை_மவுண்ட்
டிரைவ்ல டேப்பைப் படிச்சு எழுதற ஹெட் அழுக்கு. கிளீனிங் டேப் போட்டு எடுங்க. நாங்க வாரம் ஒரு தடவை கட்டாயம் ஓட்டுவோம்.

ராக்ரூம்
வாரா வாரமா? வேண்டாங்க. கிளீனிங் டேப் ஹெட்டைத் தேய்க்கிற சாமான். டிரைவே டேப்அலர்ட்ல (அது அனுப்பற எச்சரிக்கை) கேட்கும், அப்போ போட்டா போதும். பெரும்பாலான கிளீனிங் டேப் 50 தடவைதான் வரும், உங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணு காலி.

மதுரை_மவுண்ட்
எங்க சர்வர் ரூம் பக்கத்துல கட்டட வேலை நடக்குது. சிமெண்ட் தூசு. டிரைவ் கேக்கற வரைக்கும் காத்திருந்தா ரைட் எரர்தான் வரும்.

ராக்ரூம்
அப்போ தூசுக்கு வழி பண்ணுங்க. உள்ள இருக்கிற அத்தனை டேப்புலயும் அதே தூசுதானே படியுது?

தென்காசிக்காரன்
எல்டிஓ-9, ஒரே டிரைவ். லினக்ஸ், பேக்குலா. ஸ்டிக்கர் எல்9தான். பச்சை லைட் மினுக்கிட்டே இருக்கு. ஃபெயில் ஆனதும் அன்லோடு பண்ணி அடுத்ததைப் போடறேன். பழசுன்னது எல்டிஓ-8.

ரீல்_ராணி
அன்லோடு பண்ணாதீங்க! டேப், டிரைவ் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எல்டிஓ-9 புது டேப்பை முதல் தடவை ஏத்தும்போது டிரைவ் அதை அளந்து தனக்கேத்த மாதிரி அமைச்சுக்கும். சராசரி 40 நிமிஷம், சிலதுக்கு ரெண்டு மணி நேரம் வரை போகும். அரை இஞ்சு அகல நாடாவுல 8,960 டிராக் (டேட்டா எழுதற கோடு). சூடு, ஈரப்பதம் மாறினா நாடாவோட அகலம் துளி மாறும், அந்த நெருக்கத்துல அதுவே பெருசு. எல்டிஓ-8க்கு இந்த வேலை கிடையாது, அதான் பழசு உடனே ஓடுது.

பேக்குலாவுல ‘மேக்ஸிமம் சேஞ்சர் வெயிட்’ (டேப் மாறற வரைக்கும் காத்திருக்கிற நேரம்) சொல்லாம விட்டா 5 நிமிஷம். எம்டிஎக்ஸ்-சேஞ்சர் ஸ்கிரிப்டும் டிரைவுக்காக 300 செகண்டுதான் காத்திருக்கும். அதுக்குள்ள ஜாப் கைவிட்டுடுது, நீங்களும் பாதியில வெளிய எடுத்துடறீங்க. ஜாப் எதுவும் ஓட்டாம, எம்டிஎக்ஸ்ல கையால லோடு பண்ணிட்டு அப்படியே விடுங்க. ஒரு டேப்புக்கு ஒரே தடவைதான் இது.

சுழல்நாடா
இது மேனுவல்லயே இருக்கு.

பைட்_பாண்டி
இருக்கட்டும் சார், ராத்திரி பேக்கப்பை வெச்சுக்கிட்டு யார் மேனுவலைத் தேடுவா? ரீல்_ராணி, நாங்களும் 20 எல்டிஓ-9 வாங்கியிருக்கோம், ஒரு டிரைவ். எல்லாத்தையும் முன்கூட்டியே ஏத்தி இறக்கிடலாமா?

ரீல்_ராணி
தாராளமா. சராசரிப்படி பார்த்தா 13 மணி நேரத்துக்கு மேல ஆகும், சனிக்கிழமை ஆரம்பிங்க. லோடு, டிரைவ் ரெடி ஆகற வரை காத்திருப்பு, அன்லோடு, இவ்வளவையும் ஸ்கிரிப்டா எழுதிடுங்க. அதுக்கு முன்னாடி டேப்பை ஒரு நாள் முழுக்க சர்வர் ரூம் குளிர்லயே வையுங்க. வெளி வெயில்ல வந்த டேப்பை நேரா டிரைவுக்கு அனுப்பாதீங்க.

தென்காசிக்காரன்
முக்கால் மணி நேரத்துல ரெடி ஆயிடுச்சு. ஜாப் ஓடுது. ரொம்ப நன்றி அக்கா.