குன்னூர்க் குளிரில் கோழிகளை வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாமா?

கேள்வி: குன்னூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். குன்னூருக்கு அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். திருவிழாக் கடையில் என் மகள் ஆசைப்பட்டு வாங்கிய சாயக் குஞ்சுகள் இரண்டும், பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனத்துப் பெட்டைக் குஞ்சுகள் இரண்டும் எங்கள் முன்னறையில் ஓர் அட்டைப் பெட்டியில் வளர்ந்து வருகின்றன. இப்போது உடல் முழுவதும் இறகு முளைத்துவிட்டது. பெட்டியைத் தாண்டி நாற்காலியின் மேல் ஏறுகின்றன. மகள் பள்ளியிலிருந்து வந்து உட்கார்ந்தவுடன் மடியில் ஏறிக் கண் மூடிக்கொள்கின்றன.

வெளியே கூண்டு வைத்துவிடலாம் என்கிறார் கணவர். இந்தப் பனியிலும் சாரலிலும் அவை தாங்குமா என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. கீரியும் சிறுத்தையும் நடமாடும் இடம் வேறு. வெளிநாடுகளில் சிலர் கோழிக்கு டயப்பர் கட்டி, நாய் பூனையைப் போல வீட்டுக்குள்ளேயே வளர்ப்பதைக் காணொளிகளில் பார்த்தேன். அவ்வாறு வளர்ப்பது கோழிக்கு நல்லதா, எங்களுக்கு நல்லதா? வீட்டில் ஆஸ்துமா உள்ள மாமியாரும் இருக்கிறார்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், உதகை

அம்மா, குளிரைப் பற்றிய உங்கள் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். குஞ்சுப் பருவத்தில் அந்த அச்சம் முழுக்க நியாயமானது. முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இறகு முழுமையாக முளைத்த பிறகு நிலைமை வேறு. கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்கு மேல். இறகுகளைப் புடைத்து இடையே காற்றைத் தேக்கிவைத்து, இரவில் கட்டைமீது அமர்ந்து, வயிற்று இறகால் கால்விரல்களையும் மூடிக்கொண்டு தூங்கும் பறவை அது. வளர்ந்த கோழி வெயிலில் திணறும் அளவுக்குக் குளிரில் திணறுவதில்லை. ஜனவரியில் பூஜ்ஜியத்தை ஒட்டி வெப்பநிலை இறங்கும் உதகையிலேயே, நல்ல கூண்டு இருந்தால் நாட்டுக்கோழிகள் நலமாக இருக்கின்றன. பெரிய கொண்டையுள்ள சேவல்களுக்கு மட்டும் உறைபனி நாள்களில் கொண்டை நுனி கறுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோழியை வீழ்த்துவது ஈரமும், உடம்பின் மீது நேராக வீசும் காற்றும்தான்.

வீட்டுக்குள் வளர்ப்பதை நான் ஏற்காததற்கு முதல் காரணம் எச்சம். கோழி பொதுவாக எச்சத்தை அடக்கிவைப்பதில்லை. ஆகவே இடம் பார்த்துப் போகப் பழக்குவது நடைமுறையில் நடக்காது. அந்த எச்சம் ஈரமான படுக்கையில் கிடந்து புளிக்கும்போது எழும் அம்மோனியா கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். குளிருக்காகச் சன்னல்களையெல்லாம் அடைத்துவைக்கும் நம் வீடுகளில் அது வெளியேறவும் வழியில்லை. இதனோடு இறகுத்தூளும் சேர்ந்துகொள்ளும். பறவைகளுடன் மூடிய அறையில் நெடுநாள் வாழ்வோருக்கு நுரையீரல் ஒவ்வாமை வருவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. உங்கள் மாமியாரின் நிலையை எண்ணினால், இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

டயப்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் தோல் வெந்து புண்ணாகும். அதைவிட முக்கியமாக, கோழி தன் வால் தொடங்கும் இடத்தில் முதுகுப்புறம் உள்ள எண்ணெய்ச் சுரப்பியைத் தொட்டு இறகைக் கோதும் இயல்பான வேலையை அது தடுக்கிறது. சன்னலோர வெயிலும் வெளி வெயிலுக்கு ஈடாகாது. வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இரவு வெகுநேரம் எரியும் விளக்கோ கோழியின் உறக்கத்தைக் கெடுக்கும்.

இன்னொன்று: திருவிழாக்களில் சாயம் பூசி விற்கப்படுபவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்துவிடும் ஆண் குஞ்சுகள். உங்களுடைய இரண்டும் சேவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சில மாதங்களில் விடியலுக்கு முன்பே கூவத் தொடங்கும். முன்னறையில் அதை யாராலும் தாங்க முடியாது.

பதில்: கொடைக்கானல் வட்டக்கானல் பகுதியிலிருந்து

மருத்துவர் ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் எல்லாக் கோழிக்கும் ஒரே விதி என்று கொள்ள முடியவில்லை. நாய் கவ்வியதில் ஒரு கால் முடங்கிப்போன பெட்டைக்கோழி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கூட்டத்தில் விட்டால் மற்றவை அதைக் கொத்தித் தீவனத்தை நெருங்கவிடுவதில்லை. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற படிநிலை மிகக் கடுமையானது. நலிந்த பறவை அதன் அடிமட்டத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். ஆகவே அதைக் கண்ணாடி அடைத்த வராந்தாவில் வைத்திருக்கிறோம். அதன் துணைக்குச் சாதுவான இன்னொரு பெட்டையையும் சேர்த்தே வைத்திருக்கிறோம், ஏனெனில் தனிக்கோழி மனிதர்களின் நடுவில் இருந்தாலும் தனிக்கோழிதான்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய இரும்புச் சட்டி ஒன்றில் விறகுச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து வைத்தேன். அந்த முடக்காலி அதில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, நல்ல காலால் புழுதியை வாரி வாரித் தன் இறக்கைக்குள் எறிந்துகொண்டு, கழுத்தை மண்ணில் தேய்த்து, இறுதியில் எழுந்து ஒரே உதறில் வராந்தா முழுவதையும் சாம்பலாக்கிவிட்டது. பேனும் செள்ளும் அண்டாமல் இருக்கக் கோழிக்கு இந்தப் புழுதிக் குளியல் இன்றியமையாதது. சோபாவும் விரிப்பும் உள்ள அறையில் இதற்கு எங்கே இடம் கொடுப்பீர்கள், சகோதரி? வீட்டுக்குள் கோழி என்றால் அதற்கென ஒதுக்கிய, கழுவக்கூடிய, காற்றோட்டமுள்ள ஓர் இடம் வேண்டும். முன்னறை அதற்கு ஏற்றதன்று.

சமையலறைப் பக்கம் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் புகை பறவைகளைச் சிறிது நேரத்தில் கொன்றுவிடும். குளிருக்காகக் கரி நெருப்பை மூடிய அறையில் வைப்பதும் அப்படியே. அதில் மனிதர்களே மூச்சடைத்து இறந்த துயரம் நம் மலைகளில் நடந்திருக்கிறது.

பதில்: கோத்தகிரி விவசாயி

கூண்டு அமைப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் வனவிலங்கு அச்சம்தான் பலரையும் கோழியை உள்ளே கொண்டுவரச் செய்கிறது.

தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, வீட்டுச் சுவரின் காற்றுப்படாத பக்கத்தை ஒட்டிக் கட்டுங்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையே பலமானது. அந்தச் சாரல் வரும் திசையை முழுப் பலகையால் அடைத்துவிட்டு, கூரையின் அடியில் மட்டும் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். அறுகோணக் கண்ணியுள்ள கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, கீரியையோ மரநாயையோ வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணியுள்ள பற்றவைத்த கம்பிவலையைப் போடுங்கள். பகலில் மேயும் அடைப்பு இருந்தால் அதைச் சுற்றி ஓரடி ஆழத்துக்கு வலையைப் புதைக்க வேண்டும்; கீரி தோண்டிக்கொண்டு வரும். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். இருட்டுவதற்கு முன் கோழிகள் தாமாகவே உள்ளே ஏறிவிடும். அடைத்துவிட்டோமா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

எந்த வலையும் சிறுத்தைக்கு முழு உத்தரவாதம் ஆகாது. ஆயினும் தீவனத்தைச் சிந்தவிடாமல், கோழிக்கழிவை வெளியே வீசாமல், புதரை வெட்டி வைத்தால் ஆபத்து பெருமளவு குறையும். எங்கள் பக்கம் கரடித் தொல்லையும் உண்டு. ஆகவே தீவன மூட்டையைக் கூண்டருகே வைக்காமல் வீட்டுக்குள் தகர டப்பாவில் பூட்டி வைக்கிறோம். படுக்கைக்குத் தச்சுப் பட்டறையில் கிடைக்கும் சில்வர் ஓக் மரச்சீவல் நல்லது. நான்கு அங்குலம் பரப்பி அடிக்கடி கிளறிவிடுங்கள். நனைந்தால் உடனே அள்ளிவிடுங்கள், ஈரப் படுக்கையில்தான் இரத்தக்கழிச்சல் பெருகும்.

சோலை ஓரத்தில் சாம்பல் காட்டுக்கோழி சருகைச் சீய்த்து மேய்வதை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். நம் வீட்டுக்கோழிகள் பலவற்றின் மஞ்சள் கால் நிறம் அந்தப் பறவையிடமிருந்து வந்த மரபணுவால் உண்டானது என்று 2008இல் கண்டறிந்தார்கள். அதே சீய்க்கும் பழக்கம் உங்கள் சிறுவிடைக்கும் இருக்கிறது. சிமெண்ட் தரையில் அது எதைச் சீய்க்கும்?

குன்னூர் வாசகி

மிக்க நன்றி. கூண்டு கட்டச் சொல்லிவிட்டேன். அறையின் கதகதப்பில் வளர்ந்தவற்றை ஒரே இரவில் வெளியே விடலாமா? மகள் அவற்றை மடியில் வைத்துக்கொள்வதையும் நிறுத்த வேண்டுமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், உதகை

ஒரே இரவில் வேண்டாம். வெயில் உள்ள நாளில் பகல் முழுவதும் வெளியே விட்டு, இரவில் வெப்பமூட்டாத வராந்தாவிலோ திண்ணையிலோ சில நாள் வைத்து, பிறகு நான்கையும் சேர்த்தே கூண்டுக்கு மாற்றுங்கள். ஒன்றையொன்று நெருக்கி அமர்ந்து சூடேற்றிக்கொள்ளும். சேவல் இரண்டாக இருந்து, வளர்ந்தபின் சண்டையிட்டால், ஒன்றைப் பிரிக்க வேண்டியிருக்கும். இதை மகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

மடியில் வைத்துக்கொள்ளட்டும்; அந்த உறவை நிறுத்த எந்தத் தேவையும் இல்லை. கூண்டருகே ஒரு முக்காலி போட்டுக் கொடுங்கள். முகத்தோடு சேர்த்து முத்தமிடுவது கூடாது. கோழியை இறக்கிவிட்டு எழுந்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஏனெனில் நலமாகத் தோன்றும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைத் தொடவிட வேண்டாம். கொடைக்கானல் அம்மா கூறியபடி ஊனமுற்ற பறவைக்கு வராந்தா கொடுப்பதை நானும் ஆதரிக்கிறேன்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான தடுப்பூசி போடவில்லை என்றால், கூண்டுக்கு மாற்றும் முன் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.