ஊற்றுகளை வரைபடத்தில் ஏற்றுதல்: ஜிஐஎஸ் அடிப்படைகளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

கோத்தகிரி ஊற்று (கேள்வி)

வணக்கம். கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) குடிநீர் தரும் ஊற்றுகளை நாங்கள் நால்வர் கடந்த கோடையிலிருந்து ஒவ்வொன்றாக நடந்து சென்று பதிவு செய்து வருகிறோம். நான் படித்தது வணிகவியல். ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) என்பதை ஒரு வார இறுதிப் பயிற்சியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று அங்கே சொல்லித் தந்தார்களே தவிர, ஏன் என்பதை யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளை ஏற்றியபோது, எங்களில் ஒருவருடைய நோட்டிலிருந்து எடுத்த ஊற்றுகள் மட்டும் மேல்பவானிக் காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன. அவரோ அந்தப் பக்கம் போனதே இல்லை என்கிறார். அவர் நோட்டில் "11 25.312, 76 51.870" என்று இருந்ததை நான் 11.25312, 76.51870 என்று தட்டச்சு செய்தேன். அடுத்து, எஸ்ஆர்டிஎம் என்ற ரேடார் உயரத் தரவைக் கொண்டு சரிவு வரைபடம் போட்டால், தேயிலைத் தோட்டம் முதல் விளையாட்டுத் திடல் வரை எல்லாமே 89 பாகைச் செங்குத்தாக வருகிறது. இவற்றைத் திருத்துவதோடு, அடிப்படையை முறையாகக் கற்க எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

குன்னூர் வரைபடக்காரர்

இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். எண்ணைக் கொடுத்தீர்கள், அது எந்த அலகில் உள்ள எண் என்பதைக் கவனிக்கவில்லை. மென்பொருளும் திருப்பிக் கேட்காது.

நண்பரின் கைபேசி பாகையும் நிமிடமுமாகக் காட்டியிருக்கிறது. ஒரு பாகைக்கு 60 நிமிடங்கள் என்பதால் 25.312-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 0.42187 கிடைக்கும். ஆகவே அட்சரேகை 11.42187. அதேபோல் தீர்க்கரேகை 76.8645. நீங்கள் தட்டச்சு செய்த புள்ளி இதிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 42 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. நண்பர் சொன்னது உண்மைதான்!

சரிவுக் கணக்கில், உயரம் மீட்டரில் இருக்கிறது, கிடைத்தூரமோ பாகையில் இருக்கிறது. எஸ்ஆர்டிஎம் கட்டம் ஒன்றின் அகலம் ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு, அதாவது தரையில் சுமார் 30 மீட்டர். கணினி இதை 0.00028 என்று மட்டுமே அறியும். அந்த இம்மியளவு தூரத்தில் ஒரு மீட்டர் ஏறினாலும் அதற்குச் சுவர்தான். உயரத் தரவை, இடத்தை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் ஆயத்தொலைவு முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது இபிஎஸ்ஜி என்ற குறியீட்டு எண் 32643-க்கு மாற்றிப் புதுக் கோப்பாகச் சேமித்துவிட்டுச் சரிவைக் கணக்கிடுங்கள். மென்பொருளில் அடுக்கின் பண்புகளில் போய் ஆயத்தொலைவு முறையின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அது சர்க்கரை டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டுவதைப் போன்றது. 43-ஆவது மண்டலம் 72 முதல் 78 பாகை வரை என்பதால் நீலகிரியும் கொடைக்கானலும் அதற்குள் அடங்கும். மதுரைக்குப் போனால் 44 ஆகிவிடும்.

எனவே ஆயத்தொலைவு முறையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். பலரும் வெக்டர், ராஸ்டர் வேறுபாட்டில் தொடங்குகிறார்கள். ஊற்று புள்ளி, ஓடை கோடு, சோலை பரப்பு, இவை வெக்டர்; உயரம் கட்டங்கள், அது ராஸ்டர் என்று அதை அரை மணி நேரத்தில் புரிந்துகொள்ளலாம். உண்மையில் நேரம் செலவிட வேண்டியது அட்டவணையில்தான். பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று மாதந்தோறும் அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை ஊற்றுகளின் அட்டவணையிலேயே மாதத்துக்கு ஒரு பத்தியாக (நெடுவரிசையாக)ச் சேர்த்துக்கொண்டே போனால் ஓராண்டில் அது கையாள முடியாததாகிவிடும். ஊற்றுக்கு ஓர் எண் கொடுத்து, அளவீடுகளைத் தனி அட்டவணையில் தேதியோடு எழுதி, அந்த எண்ணால் இரண்டையும் இணையுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு செய்தி. ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவத்தில் பத்தியின் பெயர் பத்து பைட்டுகளுக்கு மேல் நீளக் கூடாது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும் என்பதால் "ஊற்று" என்ற பெயர்கூட முழுதாக நிற்காது. இந்த வரம்பு இல்லாத ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு இப்போதே மாறிவிடுங்கள்.

பழைய சங்கிலி

நில அளவையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். வரைபடத்தில் உள்ள தூரம் கிடைத்தூரம். 30 பாகைச் சரிவில் வரைபடத்தின் 100 மீட்டர், காலுக்கு 115 மீட்டராக இருக்கும். ஊற்றிலிருந்து தொட்டிக்குக் குழாய் பதிக்கும்போது இதை மறந்து குழாய் வாங்கியவர்களை அறிவேன்.

கணினியை மூடிவிட்டு, சர்வே ஆஃப் இந்தியாவின் 58 ஏ/15 தாளை ஒருநாள் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். கோத்தகிரி அதில்தான் வருகிறது; இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், சமஉயரக் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். கோடுகள் நெருங்கும் இடத்தில் மூச்சு வாங்கும். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை; அவற்றை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று சொல்லி ஏற்றினால் எல்லா ஓடைகளும் ஒரே திசையில் நகர்ந்து நிற்கும்.

கோத்தகிரி ஊற்று

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. புள்ளிகள் ஊர் திரும்பிவிட்டன. விளையாட்டுத் திடலும் 2 பாகைக்கு இறங்கிவிட்டது. ஒரே ஓர் ஐயம்: கற்பூர மரங்களுக்கு நடுவே உள்ள ஓர் ஊற்றுக்கு, தாளில் தெரிவதைவிட எஸ்ஆர்டிஎம் 20 மீட்டருக்கும் மேல் கூடுதலாகக் காட்டுகிறது. இதுவும் என் தவறுதானா?

குன்னூர் வரைபடக்காரர்

இந்த முறை உங்கள் மேல் தவறில்லை. எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த அளவு. அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் அந்த அலை பெரும்பாலும் தரை வரை போகாமல் தழையிலிருந்தே திரும்பிவிடும். அதன் வழக்கமான பிழையும் சில மீட்டர் உண்டு. கட்டம் 30 மீட்டர் அகலம் என்பதால் பள்ளத்து ஊற்றும் மேட்டுக் கரையும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டிருக்கும். அந்த ஊற்றுக்குத் தாளின் சமஉயரக் கோட்டிலிருந்தே உயரத்தை எடுத்து எழுதி, எதிலிருந்து எடுத்தீர்கள் என்பதற்கும் அட்டவணையில் ஒரு பத்தி வையுங்கள்.