ஓலந்து நாடாளுமன்றமும் நம் சட்டப்பேரவையும்: ஓர் ஐயம்

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
அனைவருக்கும் வணக்கம். பின்லாந்துக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதியான ஓலந்து தீவுகளின் நாடாளுமன்றத்தில் 30 உறுப்பினர்கள்; நம் புதுச்சேரிச் சட்டப்பேரவைக்கு மக்கள் தேர்ந்தெடுப்பவர்களும் 30 பேர். இதைப் பாடத்தில் கண்ட என் மாணவி, இரண்டின் அதிகாரமும் ஒன்றுதானா என்று கேட்டார். ஒன்றல்ல என்றேனே தவிர, வேறுபாட்டை விளக்க இயலவில்லை. அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில் 1 (மஞ்சக்குப்பம், கடலூர்):
ஆசிரியருக்கு வணக்கம். அவை நிறைவேற்றும் சட்டத்தை யார், எக்காரணத்தால் தடுக்கலாம் என்று பாருங்கள். கல்வி, மருத்துவம், அஞ்சல், காவல் உள்ளிட்ட துறைகளில் ஓலந்து அவை இயற்றும் சட்டத்தை நான்கு மாதங்களுக்குள் ரத்து செய்யப் பின்லாந்துக் குடியரசுத் தலைவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவை தன் வரம்பை மீறியிருக்க வேண்டும், அல்லது சட்டம் நாட்டின் பாதுகாப்பைத் தொடுவதாக இருக்க வேண்டும். அதற்கும் முன்னதாக உச்ச நீதிமன்றத்தின் கருத்தைப் பெற்றாக வேண்டும். சட்டம் தமக்கு உகந்ததா என்று அவர் பார்ப்பதற்கு இடமே இல்லை. புதுச்சேரித் துணைநிலை ஆளுநரோ ஒப்புதலை நிறுத்தி வைக்கலாம், இந்தியக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கும் அனுப்பலாம். காரணங்களுக்கு அத்தகைய வரம்பை 1963ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப் பகுதிகள் சட்டம் விதிக்கவில்லை. வரவு செலவுத் திட்டத்தைப் பேரவையில் வைப்பதற்கே குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும் என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

பதில் 2 (உப்பளம், புதுச்சேரி):
மேலே உள்ள விளக்கம் சரியானது. மாணவியிடம் நியமன உறுப்பினர்களைப் பற்றியும் சொல்லுங்கள். ஒன்றிய அரசு மூவர் வரை நியமிக்கலாம். அதற்குப் புதுச்சேரி அரசின் பரிந்துரை தேவையில்லை என்றும், அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்றும் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓலந்தில் 30 பேருமே தேர்தலில் வென்று வருபவர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஓர் ஐயம் எஞ்சியுள்ளது: அவைக்கு அதிகாரம் தரும் சட்டத்தையே பின்லாந்துத் தலைநகரான ஹெல்சிங்கியோ டெல்லியோ தன் விருப்பப்படி மாற்றிவிட முடியுமா?

பதில் 1 (மஞ்சக்குப்பம், கடலூர்):
ஹெல்சிங்கியால் முடியாது. ஓலந்தின் தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்த, பின்லாந்து நாடாளுமன்றம் அரசமைப்புத் திருத்தத்துக்குரிய முறையில் வாக்களிப்பதோடு, ஓலந்து அவையும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் இசைய வேண்டும். டெல்லியால் முடியும். 1963ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டமே என்பதால், புதுச்சேரிப் பேரவையின் இசைவைப் பெறாமலே அதைத் திருத்தலாம்.