பந்து எப்போதும் வலப்பக்கமே விலகுகிறது: மகளின் ஷாட்டை எப்படித் திருத்துவது?

கோத்தகிரி அம்மா:

வணக்கம். என் மகளுக்குப் பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வலது கைப் பழக்கம். இரண்டு வருடமாகக் கூடைப்பந்து ஆடுகிறாள். ஓட்டம், ட்ரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது), பாஸ் எல்லாம் நன்றாக வருகிறது, ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் போடும் லே-அப்பும் பரவாயில்லை. ஆனால் நின்று ஷாட் போட்டால் பந்து வலப்பக்கமே போகிறது. நேற்று சாயங்காலம் ஃப்ரீ த்ரோ கோட்டில் (யாரும் தடுக்காமல் நின்று ஷாட் போடும், ரிங்குக்கு நேர் எதிரே உள்ள கோடு) நிற்கவைத்து நானே எண்ணினேன். இருபது போட்டாள், மூன்று விழுந்தது. விழாத பதினேழில் பதிமூன்று ரிங்கின் வலது ஓரத்தில் பட்டுத் தெறித்தன, அல்லது ரிங்கைத் தொடாமலே வலப்பக்கம் போயின.

முழங்கையை உள்ளே வை என்று பள்ளியில் சொன்னார்களாம். ஒரு மாதமாக அதையே செய்கிறாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு போடுகிறாள், கை விறைத்துப்போய்ப் பந்து ரிங் வரைக்கும்கூடப் போகமாட்டேன் என்கிறது. போன வாரம், "எனக்கு ஷாட் வராதும்மா, நான் டிஃபென்ஸ் மட்டும் ஆடறேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, பார்க்க மட்டும்தான் தெரியும். இரண்டு மாதத்தில் குறுவட்டப் போட்டி. எதைக் கவனிக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும், சொல்லுங்கள்.

ஊட்டி பாயிண்ட் கார்டு:

அக்கா, முதலில் பந்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் காற்று அடித்துக் கொண்டுவந்த பந்தா? பஸ்ஸில் மலை ஏறும்போது பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். பந்துக்கும் அதே கதைதான். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கீழே சரியாக இருந்த பந்து இங்கே கல்லாகிவிடும். ரிங்கில் லேசாகப் பட்டாலும் எகிறி ஓடும். விடியற்காலைக் குளிரில் அதே பந்து கொஞ்சம் தளர்ந்தும் போகும். பந்து மேலேயே எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கும். ஆடப்போகும் நேரத்தில், ஆடும் இடத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

குன்னூர் ஃபார்வர்டு:

தம்பி சொல்வது சரி, காற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் காற்று கூடினாலும் குறைந்தாலும் பந்து நாலு பக்கமும்தான் தெறிக்கும், ஒரே பக்கம் போகாது. பதினேழில் பதிமூன்று வலப்பக்கம் என்றால் காரணம் கையில் இருக்கிறது. அதுவும் இடது கையில் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்கும் இதே குறைதான் இருந்தது. கல்லூரி டீமுக்கு வரும்வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பந்தைச் சுற்றிப் போகும் கறுப்புக் கோடுகள் படுக்கைவசமாக இருக்கும்படி பிடித்துப் போடச் சொல்லுங்கள். நீங்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நில்லுங்கள். பந்து போகும்போது கோடுகள் நேராகப் பின்பக்கமாகச் சுழல வேண்டும். பம்பரம் சாயும்போது ஆடுமே, அப்படி ஆடினாலோ பக்கவாட்டில் சுற்றினாலோ பந்தை வேறொரு விரல் தள்ளுகிறது. அப்புறம் போனில் ஸ்லோ மோஷன் வைத்து முன்பக்கமிருந்து ஒரு வீடியோ எடுங்கள். பந்து கையை விட்டுப் போன அந்த நொடியில் இடது உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது? கட்டைவிரல் எங்கே இருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று, அவள் கையில் இருப்பது எந்த சைஸ் பந்து?

கோத்தகிரி அம்மா:

இன்றைக்கு எடுத்தேன் அக்கா. மூடுபனி இறங்கிவிட்டதால் வீடியோ தெளிவாக இல்லை, ஆனாலும் தெரிகிறது. பந்து ஆடிக்கொண்டேதான் போகிறது. பந்து போன பிறகு இடது உள்ளங்கை ரிங்கைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கட்டைவிரல் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது, காலிங் பெல்லை அழுத்துகிற மாதிரி. பந்து அவள் அண்ணனுடையது, 7 என்று போட்டிருக்கிறது. காற்றும் அதிகம்தான், கொஞ்சம் இறக்கிவிட்டேன்.

குன்னூர் ஃபார்வர்டு:

காரணம் கிடைத்துவிட்டது. இடது கை பந்தைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தான். அது பந்தின் பக்கவாட்டில் இருந்து, பந்து கிளம்பும்போது அப்படியே விலகி நின்றுவிட வேண்டும். விரல்கள் மேலே பார்க்க வேண்டும், உள்ளங்கை வலப்பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்குக் கடைசி நொடியில் இடது கட்டைவிரலும் சேர்ந்து தள்ளுகிறது. இடமிருந்து தள்ளினால் பந்து வலத்துக்குத்தானே போகும்.

ஆனால் ஏன் தள்ளுகிறது என்பதையும் பாருங்கள். வலது கைக்குப் பலம் போதவில்லை, அதனால்தான் இடது கை உதவிக்கு வருகிறது. ஆண்கள் ஆடும் 7 சைஸ் பந்து கிட்டத்தட்ட 600 கிராம். பெண்களுக்கான 6 சைஸ் 510 முதல் 550 கிராம், சுற்றளவும் குறைவு. அந்தச் சின்னக் கைக்கு இது பெரிய வித்தியாசம். குறுவட்டப் போட்டியில் பெண்களுக்கு 6 சைஸ்தானே கொடுப்பார்கள்? அதிலேயே பழகட்டும். பந்தை மாற்றாமல் "கட்டைவிரலை எடு, கட்டைவிரலை எடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பாவம், பிள்ளை என்னதான் செய்வாள்?

ஏரிச்சாலை மாஸ்டர்:

அம்மா, நான் கொடைக்கானலில் இருக்கிறேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவன். மேலே அந்தம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எப்படிப் பழக்குவது என்று நான் சொல்கிறேன்.

முழங்கையை உள்ளே வை என்றால் விலாவோடு ஒட்டு என்று பொருள் இல்லை. பந்துக்குக் கீழே முழங்கை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹோட்டலில் தட்டு ஏந்தி வருபவரின் கையைப் பாருங்கள். தட்டுக்கு நேர் கீழே முழங்கை இருக்கும், உடம்போடு ஒட்டியிருக்காது. முதலில் அந்த விறைப்பை விடச் சொல்லுங்கள்.

ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு இரண்டு வாரம் போகவே வேண்டாம். ரிங்குக்கு முன்னால் மூன்றடியில் நிற்கட்டும். இடது கை முதுகுக்குப் பின்னால். வலது கையில் மட்டும் பந்தை ஏந்தி, முழங்காலை மடக்கி, எழும்போதே மேலே அனுப்பட்டும். மணிக்கட்டு மடிந்து விரல்கள் ரிங்குக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் நிற்க வேண்டும். பந்து வலையைத் தொடும்வரை கையை இறக்கக் கூடாது. ரிங்கில் படாமல் விழுந்தால்தான் கணக்கு. இருபத்தைந்து விழுந்த பிறகு ஓரடி பின்னால். பந்து ஆட ஆரம்பித்தால் மறுபடி ஓரடி முன்னால்.

இடது கையைச் சேர்க்கும் நாளில் அதன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் தள்ளினால் நாணயம் கீழே விழும். சிமெண்ட் தரையில் 'டிங்' என்று சத்தம் கேட்டதும் பிள்ளைக்கே தெரிந்துவிடும், நீங்கள் வாயே திறக்க வேண்டாம். என் அனுபவத்தில் பெரியவர்கள் கத்துவதைவிட அந்தச் சத்தம் சீக்கிரம் சொல்லிக்கொடுத்துவிடும்.

மழை நாளில் வீட்டுக்குள் மல்லாந்து படுத்து, பந்தை நேர் மேலே போடட்டும். நேராகக் கிளம்பினால் பந்து அதே கைக்குத் திரும்பி வரும், சாய்ந்தால் காதுப் பக்கம் விழும்.

பந்து எவ்வளவு உயரம் எழ வேண்டும் என்றும் கேட்பாள். ரிங்கின் உள் விட்டம் 45 சென்டிமீட்டர், 6 சைஸ் பந்தின் விட்டம் சுமார் 23. மேலிருந்து பார்த்தால் தாராளமான வாய். ஆனால் பந்து 45 டிகிரி சரிவில் இறங்கினால் அதற்குத் தெரியும் வாய் 32 சென்டிமீட்டர்தான். 30 டிகிரியில் தட்டையாக வந்தால் 22.5. அந்த வழியில் பந்து ரிங்கில் படாமல் நுழையவே முடியாது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2008-இல் ஃப்ரீ த்ரோவைக் கணினியில் போட்டுப் பார்த்து, 52 டிகிரியில் கிளம்பி வினாடிக்கு மூன்று முறை பின்பக்கமாகச் சுழலும் பந்து நல்லது என்று எழுதினார்கள். பிள்ளையிடம் டிகிரி எல்லாம் சொல்ல வேண்டாம். ரிங்குக்குப் பின்னால் இருக்கும் போர்டின் மேல் விளிம்பு உயரத்தை ஒட்டிப் போகட்டும் என்றால் போதும்.

ஊட்டி பாயிண்ட் கார்டு:

தங்கச்சியிடம் இதையும் சொல்லுங்கள் அக்கா. தூரத்திலிருந்து ஷாட் போடுவதில் பேர்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீபன் கரி பள்ளியில் படிக்கும்போது இடுப்புப் பக்கமிருந்து பந்தை எறிந்துகொண்டிருந்தவர். அவர் அப்பா டெல் கரியும் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் ஆடியவர்தான். ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்து போடும்படி மகனின் ஷாட்டையே மாற்றினார். ஆரம்பத்தில் ரிங்குக்குப் பக்கத்தில் தவிர வேறெங்கிருந்தும் போட முடியவில்லை என்று கரியே சொல்லியிருக்கிறார். அப்புறம் காலையில் கை மரத்திருக்கும்போது ஷாட் பழக வேண்டாம். பத்து நிமிடம் ட்ரிபிள் செய்து விரல்கள் சூடானதும் போடட்டும். பனியில் பந்து ஈரமாகும், ஒரு துண்டு கையில் இருக்கட்டும்.

கோத்தகிரி அம்மா:

மூன்று வாரம் ஆகிவிட்டது, எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். 6 சைஸ் பந்து வாங்கிக் கொடுத்தோம். முதல் நான்கு நாள் மூன்றடியில் நிற்க வெட்கப்பட்டாள், சின்னப் பிள்ளைகள் பார்க்கிறார்களாம். அதனால் கோர்ட் காலியாகும்வரை காத்திருந்து ஆறு மணிக்கு மேல் போனோம். நாணயம் முதல் நாள் எத்தனை தடவை விழுந்தது என்று எண்ண முடியவில்லை. நேற்று இருபது ஷாட்டில் இரண்டு தடவைதான் சத்தம் கேட்டது. பிறகு ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து போட்டுப் பார்த்தாள். இருபதுக்கு எட்டு! விழாத பன்னிரண்டில் ஒன்பது ரிங்கின் முன்பக்கத்தில், நேராக நடுவில் பட்டன. வலப்பக்கம் இரண்டுதான். டிஃபென்ஸ் மட்டும் என்ற பேச்சை இப்போது எடுப்பதில்லை.

முன்பக்கம் படுகிறதே, அதற்கு என்ன செய்வது மாஸ்டர்?

ஏரிச்சாலை மாஸ்டர்:

ரொம்ப சந்தோஷம் அம்மா. நேராகப் போய்க் குறைகிறது என்றால் கை சரியாகிவிட்டது, இனி காலில்தான் வேலை. கையால் இன்னும் பலமாகத் தள்ளச் சொல்லாதீர்கள், கட்டைவிரல் திரும்ப வந்துவிடும். முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கட்டும், எழுந்து நின்ற பிறகு போடாமல் எழும்போதே போடட்டும். ரிங்கின் பின் விளிம்பைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். போட்டிக்கு முந்தின வாரம் புதிதாக எதையும் மாற்ற வேண்டாம்.