கொத்தனார் நேரத்தை எப்படி அளப்பது?

கோவை சைட்:
நாலு மாடி அடுக்ககம், செங்கல் கட்டு ஓடுகிறது. 6 கொத்தனார், 10 சித்தாள். "ஆளுங்க பாதி நேரம் சும்மா நிக்கறாங்க, கணக்கு எடு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சரி என்று ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுமாக ஒரே கொத்தனார் பக்கத்தில் இரண்டு நாள் நின்றேன். நான் நின்றால் மனுஷன் பறக்கிறார், டீ கூடக் குடிப்பதில்லை. படியிறங்கினால் மேலே கரணைச் சத்தம் நிற்பது எனக்கே கேட்கிறது. இரண்டாம் நாள் மத்தியானம், "ஏங்க தம்பி, சம்பளத்தைக் குறைக்கவா எழுதறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வேறு எப்படி அளப்பது?

பழைய பிளானிங் ஆள்:
தம்பி, ஸ்டாப்வாட்ச்சைப் பையில் போடுங்கள். சீட்டுக் குலுக்கி நேரங்களை எடுத்து, அந்த நேரத்துக்கு ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொருவரும் கண்ணில் பட்ட நொடியில் என்ன செய்கிறார் என்று ஒரு கோடு, அவ்வளவுதான். மூன்று கட்டம் போதும்: கல் வைப்பது நேரடி வேலை, கலவை சுமப்பது, சாரம் மாற்றுவது, மட்டம் பார்ப்பது துணை வேலை, மூன்றாவது, நிற்பது. 95 சதவீத நம்பிக்கையில், அதாவது நூற்றுக்கு 95 தடவை, கணக்கு உண்மையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் முன்னே பின்னே போகக் கூடாது என்றால் 384 கோடு வேண்டும். உங்கள் 16 பேருக்குச் சரியாக 24 சுற்று.

ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். கலவை நின்றால் 6 கொத்தனாரும் சேர்ந்தேதான் நிற்பார்கள். அது 6 சாட்சி ஆகாது. ஒரு வாரத்துக்குப் பரப்புங்கள். பெயர் எழுத வேண்டாம். நிற்பவர் எதற்காக நிற்கிறார் என்று மட்டும் பக்கத்தில் ஒரு சொல்.

இது கட்டடக்காரன் கண்டுபிடித்த முறையே இல்லை. 1930களில் டிப்பெட் என்ற இங்கிலாந்துப் புள்ளியியலாளர் பஞ்சாலைக்காகக் கொண்டுவந்தது. கோவைக்குப் பொருத்தம்தான்!

மேஸ்திரி மகன்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் நேரடி வேலை என்று கோடு போட்டதெல்லாம் நல்ல வேலை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1885இல் கட்டுவேலை பழகப் போன ஃபிராங்க் கில்பிரெத், ஒரு கல் வைக்க 18 அசைவு ஆனதைப் பிற்பாடு 5 ஆக்கினார். கொத்தனார் குனிய வேண்டாதபடி கல்லைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தது அதில் முக்கியம். நம் சைட்டில் கல் காலடியில்தான் கிடக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து குனிந்து, நடுவில் எங்கப்பா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

கோவை சைட்:
24 சுற்றும் முடிந்தது. 'நிற்பது' பக்கத்தில் நான் அதிகம் எழுதிய சொல் 'கலவை'. ஒருநாள் 11 மணிச் சுற்றில், மூன்றாம் மாடியில் நம்ம கொத்தனார் காலிக் கலவைப் பாண்டைக் கரணையால் டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்தார். கீழே இறங்கினால், மாடிக்குச் சாமான் ஏற்றும் ஹோஸ்ட் மெஷின் பக்கத்தில் ஐந்து சித்தாள், தலையில் சும்மாடு, முன்னால் நிரம்பிய பாண்டுகள். கலவை இறுகிக்கொண்டிருக்கிறது. ஹோஸ்ட்டில் முதல் மாடிக்கு டைல்ஸ் பெட்டி ஏறுகிறது. டைல்ஸைக் காலையிலேயே ஏற்றச் சொன்னது நான்தான்.

இப்போது டைல்ஸ் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஏறுகிறது. மேனேஜரிடம் நோட்டை இன்னும் காட்டவில்லை. அடுத்த வாரத்துக்கு இடுப்புப் பிடிப்புக்கென்று நாலாவது கட்டம் போட்டுவிட்டேன் அண்ணா.