பொருள்: சமுதாயக் கூடம், கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

சொந்தங்களுக்கு வணக்கம்.

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போய்விட்டு நேற்றுதான் மஸ்கட் வந்தேன். ஊரில் சமுதாயக் கூடம் கட்டத் தலைக்கு 50,000 கேட்டிருக்கிறீர்கள், தருகிறேன். ஆனால் மூன்று கொட்டேஷனில் எது குறைவோ அதற்கே விடலாம் என்று பேசி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மனசு ஆறவில்லை.

கீழத்தெரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தீர்களா? கட்டி 11 வருடம்தான். தூணில் நெடுக வெடிப்பு, பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. காரை பெயர்ந்த இடத்தில் கம்பியைத் தொட்டேன், செதில் செதிலாகக் கையோடு வந்தது. அதுவும் ரேட் கம்மி என்று விட்ட வேலைதான். உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலவை போடாதே என்று அப்பா கத்தினார். அவரை உட்காரச் சொன்னது யார் என்பது மாமாவுக்குத் தெரியும்.

19 வருடமாக சைட்டில் நிற்கிறவன் சொல்கிறேன். கடற்கரைக் கட்டடத்துக்கு ஐ.எஸ். 456 என்கிற இந்தியக் கான்கிரீட் தரவிதி கேட்பது குறைந்தது எம்30 கான்கிரீட் (எம் எண் கூடினால் பலம் கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம். குறைந்த ரேட்காரர் எம்20 போட்டிருக்கிறார், கவர் பற்றி ஒரு வரி இல்லை. பிறகு ரேட் குறையாமல் என்ன செய்யும்? மூவருக்கும் ஒரே டிராயிங், ஒரே அளவுப் பட்டியல் கொடுத்து மறுபடி கேளுங்கள்.

அந்த மூன்று காண்ட்ராக்டரும் கரையோரம் 10 வருடத்துக்கு முன் கட்டியதைப் போய்ப் பாருங்கள். போன வருடம் கட்டியது எல்லாமே அழகாகத்தான் இருக்கும், துரு வெளியே தெரிய நாளாகும். கலவைக்கு ஊற்றும் தண்ணீருக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும்: கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 28 நாள் க்யூப் டெஸ்ட் (அதே கலவையில் கட்டி வார்த்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பலம் பார்ப்பது), வேலை முடிந்து ஒரு வருடம் வரை காண்ட்ராக்டர் பணத்தில் 5 சதவீதம் பிடித்தம், இதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக வரட்டும். குறைந்த ரேட்காரர் பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறாராம். சிங்கப்பூர் அண்ணன் கணக்கு கேட்டதில் என்ன தப்பு? அவர்மேல் ஏன் பாய்கிறீர்கள்?

பக்கத்து ஊரைவிடப் பெரிசாக வேண்டும் என்கிறார்கள். பெரிசு அப்புறம். 64 புயல் ராத்திரியில் அத்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்க இடம் தேடி ஓடியதை ஆத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த புயலுக்கு ஊர் வந்து நிற்கப்போவது இந்தக் கூரைக்குக் கீழேதான்.

மாமா, பழசை நான் பேசவில்லை. எம்30 என்று ஒப்பந்தத்தில் வந்த அன்றைக்கே என் பணம் வந்துவிடும். ராத்திரி 9 மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

தபால்காரர் மகன், கீழத்தெரு